நீல டிக்

எழுதிய மறு நிமிடமே அழித்துவிட்டுப் போகிற அளவுக்குப் பதினேழு வயதுப் பெண்ணுக்கு என்ன ரகசியம் இருக்க முடியும்? இந்தக் கேள்வியில் போய் விழுந்தவள்தான் நான். இன்னும் எழுந்திருக்கவில்லை.

செங்கல்பட்டுக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி, திருக்கழுக்குன்றம் ரோட்டில் எங்கள் வீடு. முன் அறைதான் என் தையல் கடை. வீட்டுக்காரர் பரணிதரன் நாவலூரில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். விடியற்காலை போனால் சாயங்காலம் ஆறுக்கு வருவார். ஒரே பெண் சங்கவி, பன்னிரண்டாம் வகுப்பு. செங்கல்பட்டுப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய் வருகிறாள்.

ஒருநாள் ஒரு வாடிக்கைக்காரம்மாவுக்குக் கழுத்து டிசைன் காட்டுவதற்காக சங்கவியின் போனை வாங்கினேன். படம் தேடப் போன என் விரல் எங்கேயோ பட்டு, அவள் தன் சிநேகிதி ஜெனிஃபரோடு பேசுகிற பக்கம் திறந்துகொண்டது. 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்று இங்கிலீஷில் ஒரு வரி. அதற்குக் கீழே அதே வரி. நடுவில் 'சாப்டியா', 'ம்', 'கெமிஸ்ட்ரி ரெக்கார்டு முடிச்சிட்டியா'. மறுபடி அதே வரி, மூன்று தடவை. நான் பத்தாவது வரை படித்தவள். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். சங்கவி வெடுக்கென்று போனைப் பிடுங்கிக்கொண்டாள். பிடுங்காமல் இருந்திருந்தால் நானே மறந்துகூடப் போயிருப்பேன்.

இவரிடம் சொன்னேன். இவருக்கு எதுவானாலும் வேனில் வருகிற ஐ.டி. ஆட்களைக் கேட்க வேண்டும். தலைவலிக்கு எந்த மாத்திரை என்பதைக்கூட அவர்கள் சொன்னால்தான் நம்புவார். மூன்றாம் நாள் பதிலோடு வந்தார்.

"அதெல்லாம் பூட்டு போட்டு அனுப்புறானாம். நடுவுல எவனும் படிக்க முடியாதாம். போலீஸ்காரன், கம்பெனிக்காரன், எவனும்."

"அப்ப வுட்டுடலாமா?"

"முழுசா கேளுமே. பூட்டு வழியிலதான். போய்ச் சேர்ற எடத்துல கதவு தொறந்துதான் கீது. அவ போனோட நம்ம பழைய போனை ஒரு தபா சேர்த்துட்டா போதும். அவளுக்கு வர்றது அத்தனையும் இதுலயும் வந்துடும்."

"அவளுக்குத் தெரிஞ்சா?"

"தெரியாதுன்றாங்க. நாம இன்னா திருடவா போறோம்? பெத்த பொண்ணு."

பெத்த பொண்ணு என்கிற அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் செய்துவிடலாம் போல. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போன நேரத்தில் வேலையை முடித்தோம். போனைத் திறக்க அவள் விரலால் போடுகிற கோட்டை நான் முன்பே பார்த்து வைத்திருந்தேன். தையல்காரி கண் அது. ஒரு கோட்டை ஒரு தரம் பார்த்தால் அப்படியே போட்டுவிடும். இவர் இரண்டு போனையும் நேருக்கு நேர் காட்டினார். பழைய போனில் அவளுடைய பேச்சுகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. நான் போனை வாங்கி, தையல் மிஷினின் டிராயரில் நூல் சுற்றும் பாபின்களுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் படித்தேன். காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதித் தொலைக்கிறதுகள். எழுத்துக் கூட்டிப் படிக்கவே எனக்குக் கண் வலிக்கும். படித்து முடித்தால் அதில் ஒன்றும் இருக்காது. யார் டீச்சரிடம் திட்டு வாங்கினாள், யாருக்கு ரெக்கார்டு நோட்டு முடியவில்லை, அவ்வளவுதான்.

ஜெனிஃபர் எழுதுவதில்தான் கொஞ்சம் கனம் இருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா நாலு வருஷத்துக்கு முன்னால் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். அம்மா பேரை எடுத்தாலே அப்பா அடிப்பார் என்று ஊருக்கே தெரியும். 'இன்னிக்கு அம்மா மாதிரியே ஒரு குரல் பஸ்ல கேட்டுச்சு, திரும்பிப் பாக்க பயமா இருந்துச்சு' என்று ஒருநாள் எழுதியிருந்தாள். நான் மிஷினை நிறுத்திவிட்டு அழுதேன். அடுத்த நிமிடம் பார்த்தால் அந்த வரி அழிந்துபோயிருந்தது. எப்போதும் அப்படித்தான். மனசைத் திறந்து அவள் எதை எழுதினாலும் நான் படித்த கையோடு அழிந்துவிடும். என்ன பழக்கமோ இது என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்குப் புரியாத இன்னொன்றும் இருந்தது. இரண்டு பேரும் அடிக்கடி சண்டை போட்டார்கள்.

'நான் சொன்னேனேடி.'

'எப்போடி சொன்ன?'

'நேத்து. நீ படிச்ச.'

'நான் எங்கடி படிச்சேன்?'

சங்கவிக்கு இந்த வயதில் இவ்வளவு மறதியா என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. பரீட்சை வேறு வருகிறது. வாரத்துக்கு மூன்று நாள் வல்லாரைக் கீரை கடைந்து போட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் இரண்டாம் சனி, பள்ளிக்கூடம் லீவு. சாயங்காலம் ஐந்தரை மணி, சங்கவி டியூஷனில் இருந்தாள். டிராயருக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துத் திறந்தேன். ஜெனிஃபர்.

'நாளைக்கு மாமல்லபுரம் போறேன்டி. அம்மா அங்க ஒரு கிளிஞ்சல் கடையில வேலை செய்றாங்களாம். பாத்துட்டு சாயங்காலம் வந்துடுவேன். உன் வூட்ல ரெக்கார்டு எழுதப் போறேன்னு அப்பாகிட்ட சொல்லிக்கீறேன். அவரு போன் பண்ணா அங்கதான் இருக்கேன்னு சொல்லு. ப்ளீஸ்டி. உன்னை நம்பித்தான் போறேன்.'

இரண்டு தடவை எழுத்துக் கூட்டினேன். மூன்றாம் தடவை படிப்பதற்குள் அழிந்துவிட்டது.

இவர் வந்ததும் சொன்னேன். "அவங்க அப்பாவுக்குப் போன் போட்டு சொல்லிடலாம்" என்றார்.

"அம்மாவைப் பாக்கப் போறாய்யா அந்தப் பொண்ணு. சொன்னா உரிச்சிடுவான்."

"அப்ப சங்கவிகிட்ட கேளு."

"உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பா. இன்னா சொல்றது?"

ஒரு பெண் தன் அம்மாவைப் பார்ப்பது தப்பில்லை. அதற்கு என் வீட்டின் பேரைச் சொல்லி, என் பெண்ணைப் பொய் சொல்ல வைப்பது தப்பு. இதில் எந்தப் பக்கம் நிற்பது? சோற்றை வடிக்க மறந்து குழைய விட்டேன். கடைசியில் நான்தான் சொன்னேன்: "எதுவும் செய்ய வேணாம். நம்ம பொண்ணு இன்னா பண்றான்னு பார்ப்போம். பொய் சொல்றாளா, உண்மையைச் சொல்றாளான்னு."

பெரிய நீதிபதி மாதிரி சொல்லிவிட்டேன். இவரும் தலையை ஆட்டினார்.

சனிக்கிழமை காலையிலிருந்து சங்கவி என் மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் தைத்துக்கொண்டே அவளைப் பார்த்தேன். முகத்தில் ஒரு சலனம் வேண்டுமே! மாமல்லபுரம் பஸ் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். பத்து மணி பஸ் போனபோது நான்தான் எட்டிப் பார்த்தேன். அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. அடிப்பாவி, இவ்வளவு நடிப்பை எங்கே கற்றுக்கொண்டாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

இரண்டு மணிக்கு அவள் போன் அடித்தது. நான் மிஷினை நிறுத்தினேன்.

"சொல்லுங்க அங்கிள்... இல்லியே அங்கிள், இங்க வரலியே... இல்ல, காலைலேந்து நான் வூட்லதான் இருக்கேன். ரெக்கார்டா? நான் போன வாரமே முடிச்சிட்டேனே அங்கிள்."

வைத்துவிட்டாள்.

என் பெண் பொய் சொல்லவில்லை. உன்னை நம்பித்தான் போகிறேன் என்று ஒருத்தி கெஞ்சியும் பொய் சொல்லவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மெனக்கெட்டு வளர்த்தது வீண் போகவில்லை என்று நினைத்தேன். எழுந்துபோய் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

"யாரும்மா போன்ல?"

"ஜெனி அப்பா. ஜெனி நம்ம வூட்டுக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போனாளாம். எங்க போயிருப்பாம்மா? என்கிட்ட ஒண்ணுமே சொல்லலியே."

தடவிய கை அப்படியே நின்றது. அவரிடம் உண்மையைச் சொன்னவள் என்னிடம் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? அவள் முகத்தைப் பார்த்தேன். பயந்திருந்தாள். போனை எடுத்து மளமளவென்று எதையோ எழுதினாள். அவள் எழுந்து உள்ளே போனதும் நான் டிராயரைத் திறந்து பார்த்தேன்.

'எங்கடி கீற? உங்கப்பா தேடுறாரு. சொல்லிட்டுப் போக மாட்டியா? எனக்கு பயமா இருக்குடி.'

பக்கத்தில் ஒரே ஒரு சாம்பல் டிக்; அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு பேர் மட்டும் பேசுகிற இடத்தில் இவள் யாருக்காக நடிக்கிறாள்?

சாயங்காலம் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில், மாமல்லபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஜெனிஃபரை அவள் அப்பா அத்தனை பேர் முன்னாலும் கன்னத்தில் அறைந்து, போனைப் பிடுங்கிக்கொண்டார். சங்கவியின் வகுப்புப் பெண் ஒருத்தி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அன்று ராத்திரிக்குள் ஜெனிஃபரின் படம் சங்கவியின் போனிலிருந்து மறைந்துவிட்டது. எழுதினால் போய்ச் சேரவில்லை; போனை வைத்திருக்கிற அவள் அப்பா செய்த வேலையாக இருக்கும்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்த சங்கவி, பையைக்கூட இறக்காமல் கடை வாசலில் நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நான் போட்டுக் குடுத்துட்டேன்றாம்மா. நான் எல்லாத்தையும் படிச்சிட்டுதான் அவங்க அப்பாகிட்ட வேணும்னே சொன்னேனாம். எனக்கு ஒண்ணுமே வரலம்மா. நீல டிக் வந்துது, என் கண்ணால பார்த்தேன்னு சத்தியம் பண்றா."

"நீல டிக்னா?"

"இன்னாம்மா நீ. அனுப்புனதைப் படிச்சா ரெண்டு டிக்கும் நீலமாயிடும். நீலமானாதான் அவ அழிப்பா. அவங்க அப்பா டெய்லி அவ போனை வாங்கிப் பார்க்குறாரு. அதனால நான் படிச்சிட்டேன்னு தெரிஞ்ச ஒடனே அழிச்சிடுவா. ரெண்டு பேரும் அப்படித்தான் பேசி வச்சிக்கீறோம்."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. அந்த டிக்கை நீலமாக்கியது நான். நான் டிராயருக்குள் திறந்து படித்தேன். அங்கே ஜெனிஃபருக்கு நீலம் வந்தது. சங்கவி படித்துவிட்டாள் என்று நம்பி அவள் அழித்தாள். டியூஷன் முடிந்து சங்கவி போனைப் பார்த்தபோது, ஏற்கெனவே இருக்கிற இருபது 'அழிக்கப்பட்டது' வரிகளோடு இருபத்தொன்றாவதாக ஒரு வரி இருந்திருக்கும். அந்தச் செய்தியை உலகத்தில் படித்தவர்கள் இரண்டே பேர். எழுதியவள் ஒருத்தி, இன்னொருத்தி நான். மூன்று வாரச் சண்டைக்கும் காரணம் நான்தான். வல்லாரைக் கீரை கடைந்ததும் நான்தான்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் இவரிடம் சொன்னேன். இவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"சொல்லாத. போனை ஏரியில கடாசிட்டா தீர்ந்துது. யாருக்குத் தெரியப் போவுது? ரெண்டும் சின்னப் பசங்க, நாலு நாள்ல சேர்ந்துக்கும்."

நானும் அதைத்தான் விரும்பினேன். சொன்னால் என் பெண் இனி என்னை நம்ப மாட்டாள். சொல்லாவிட்டால் அவள் செய்யாத துரோகத்தைச் சுமந்துகொண்டு திரிவாள். செவ்வாய் போனது, புதன் போனது. ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டித் தொலைத்தேன். வாடிக்கைக்காரர்கள் மேல் எரிந்து விழுந்தேன். போனை நான் ஏரியில் போடவும் இல்லை, திறக்கவும் இல்லை.

வியாழக்கிழமை சங்கவி சமையல்கட்டுக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, வல்லாரை இருக்கா?"

"எதுக்குடி?"

"படிச்சிட்டு மறந்திருப்பேனோன்னு தோணுது. ஜெனி பொய் சொல்ல மாட்டாம்மா. அவ நீலம் பார்த்திருக்கா. அப்போ நான் படிச்சிருக்கணும் இல்ல? முன்னாடியும் இதே மாதிரிதான், அவ சொன்னேன்னுவா, எனக்கு ஞாபகமே இருக்காது. எனக்கு இன்னாமோ ஆயிடுச்சும்மா. டாக்டர்கிட்ட போலாமா?"

கையில் கரண்டியோடு நின்றேன். திருட்டுத்தனத்தில்கூட ஒரு அளவு இருக்கிறது. தன் புத்தி மேலேயே ஒரு பெண்ணுக்குச் சந்தேகம் வரும்படி செய்துவிட்டு, பெற்றவள் என்று எதிரில் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். "உனக்கு ஒண்ணும் இல்லடி" என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கும் கெமிஸ்ட்ரி பிராக்டிகல், ஒரு மணிக்கு முடியும். கடையைச் சாத்திவிட்டு, பழைய போனைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டு பேரையும் ஒன்றாக வைத்துச் சொல்ல வேண்டும். தனித்தனியாகச் சொன்னால் ஒருத்தி மற்றவள் சொல்வதை நம்ப மாட்டாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று தயார் செய்துகொண்டே போனேன். உலகம் கெட்டுக் கிடக்கிறது, பேப்பரில் என்னென்னவோ வருகிறது, பெற்றவளுக்குப் பயம் இருக்காதா என்றெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன்.

பள்ளிக்கூட வாசலில் முதலில் சங்கவி வந்தாள். என்னைப் பார்த்துத் திகைத்தாள். பத்தடி பின்னால், பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஜெனிஃபர்.

"ஜெனி, இங்க வாம்மா."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு ஆன்ட்டி."

"ஒரு நிமிஷம். அந்த மெசேஜை அவ படிக்கல. நான்தான் படிச்சேன்."

பையிலிருந்து போனை எடுத்துத் திறந்து காட்டினேன். சங்கவியின் பெயர், சங்கவியின் படம், ஜெனிஃபரோடு பேசிய பக்கம். ஜெனிஃபர் போனைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். கன்னத்தில் கன்றிப்போன தடம் இன்னும் லேசாக இருந்தது.

"இது எத்தினி நாளா ஆன்ட்டி?"

"ஒரு மாசம் ஆவப்போவுது."

"எல்லாத்தையுமா?"

"வந்தது எல்லாத்தையும்."

"பஸ்ல அம்மா குரல் கேட்டுச்சுன்னு எழுதுனேனே, அது?"

"அதுவும்."

"அதுக்கு அவ ஒண்ணுமே பதில் சொல்லலியேன்னு நான் ரெண்டு நாள் அழுதேன் ஆன்ட்டி."

நானும் அழுதேன் என்று சொல்லவா முடியும்?

"அம்மாவைப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டேன்.

"பார்த்தேன். நம்பர் குடுத்தாங்க. என் போன்லதான் போட்டு வச்சிருந்தேன். இப்ப அது அப்பாகிட்ட."

சங்கவி கத்துவாள், அழுவாள், போனைப் பிடுங்கி ரோட்டில் அடிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் எதையோ கணக்குப் போடுகிறவள் மாதிரி நின்றாள். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள்.

"அம்மா, ஜெனி அப்பா போன் பண்ணப்போ நீ பக்கத்துலதான ஒக்காந்துகினு இருந்த?"

"ஆமா."

"அவ எங்க போயிருக்கான்னு அப்பவே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் பேசுறதைக் கேட்டுகினுதான இருந்த? ஏம்மா ஒண்ணுமே சொல்லல?"

அடுக்கி வைத்தது ஒன்றும் வாயில் வரவில்லை. உலகம் கெட்டதும் வரவில்லை, பேப்பர்காரனும் வரவில்லை. உண்மை மட்டும்தான் மிச்சம் இருந்தது.

"நீ பொய் சொல்றியான்னு பார்த்துகினு இருந்தேன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். அளவு எடுக்கும்போது நான் ஆட்களைப் பார்ப்பேனே, அப்படி, மேலிருந்து கீழ்வரை. ஜெனிஃபர்தான் அவள் கையைப் பிடித்தாள். "வாடி" என்றாள். இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்கள், தலை இரண்டும் ஒட்டியபடி, எனக்குக் கேட்காத குரலில் பேசிக்கொண்டு.

நானும் சங்கவி ஏறுகிற பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போக வேண்டும். எவ்வளவு தள்ளிப் பின்னால் நடப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.